அந்த வரிக்கு முன்னால்

— பியானோவ மூடிடாத. கொஞ்சம் உட்காரு, மாப்ள.

— அங்கியக் கழட்டாமலே வந்துட்டீங்களே அத்தான். பிரசங்கம் இன்னும் மிச்சம் இருக்கா?

— கிண்டல் வேண்டாம். எல்லாரும் போயாச்சா?

— கமிட்டித் தலைவர் மட்டும் வாசல்ல நின்னு குடைய விரிச்சு விரிச்சு மூடுறார். மழையும் இல்ல, வெயிலும் இல்ல. உங்களுக்காகத்தான் நிக்கிறார்.

— ம்... அவர் சொல்லச் சொன்னதைத்தான் சொல்ல வந்தேன்.

— சொல்லிடுங்க. காலையில இருந்தே தொண்டையில வச்சுக்கிட்டு அலையறீங்க.

— அடுத்த வாரத்துல இருந்து... நீ வாசிக்க வேண்டாமாம்.

— ஏனாம்?

— ஓட்டல்ல வாசிக்கிற ஜாஸை சர்ச்சுக்குள்ள கொண்டு வர்றியாம். போதகர் ஜெபம் பண்ணும்போதே நடுவுல புகுந்து வித்தை காட்டுறியாம்.

— ஓட்டல்ல யாரும் இவ்வளவு கவனிச்சுக் கேக்கறதில்ல. சரி... நீங்க என்ன சொன்னீங்க?

— நானா... பேசிப் பார்க்கிறேன்னு சொன்னேன்.

— பேசியாச்சு. இந்தாங்க சாவி. மூடிய நல்லா அழுத்திப் பூட்டணும், இல்லேன்னா திறந்துக்கும்.

— சாவிய வை. நீ ஏன் நடுவுல வாசிக்கிறே? அதை முதல்ல சொல்லு.

— நீங்க ஜெபத்த வரி வரியா சொல்றீங்க, சபை பின்னால சொல்லுது. நடுவுல நீங்க நின்னுடறீங்க. நீங்க நிக்கிறதால வாசிக்கிறேன்.

— மறந்து போகுது மாப்ள. வயசாகுதுல்ல.

— மறக்கிறவங்க ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு இடத்துல மறப்பாங்க. நீங்க ஒரே இடத்துலதான் நிக்கிறீங்க. அக்காவ அடக்கம் பண்ணிட்டு வந்த வாரத்துல இருந்து.

— எந்த இடத்துல?

— கடவுள் நினைச்சபடியே நடக்கட்டும்னு சொல்ற இடம்.

— உனக்குத் தெரியுமா...

— பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கிறவன் அத்தான். நீங்க மூச்ச இழுத்துக்கிட்டு நிக்கிறது எனக்குக் கேக்கும்.

— வாய் வரல மாப்ள. கடைசில அவ தண்ணி கூட முழுங்க முடியாமப் பட்ட பாட்ட பக்கத்துல இருந்து பார்த்துட்டு... நடக்கட்டும்னு எப்படிச் சொல்ல? சொன்னா பொய். அத்தனை பேர் முன்னால பொய் சொல்றதுக்கு, பேசாம நின்னுடறேன்.

— அவங்க யாருக்கும் தெரியல. நீங்க அடுத்த வரிக்கு வந்து சேர்ந்துடறீங்க.

— பழி உன்மேல விழுந்துச்சே. கமிட்டில கேட்டப்போ நீ வாயே திறக்கலியாமே?

— ஜாஸ்ல அப்படித்தான் அத்தான். வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே ஒருத்தனுக்கு இடம் தவறிடும். பாட்டை நிறுத்த மாட்டோம். அவனைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டோம், பார்த்தா ஜனங்களுக்குத் தெரிஞ்சுடும். மத்தவங்க சுத்திச் சுத்தி அதையே வாசிப்போம். அவன் கேட்டுக் கேட்டு வந்து சேருவான்.

— எத்தனை சுத்து?

— அவன் வர்ற வரைக்கும்.

— வரவே இல்லேன்னா?

— வாசிக்கும்போது அதை யோசிக்கிறதில்ல.

— உங்கக்கா கேட்டிருந்தா சிரிப்பா. இந்த வாசிப்பெல்லாம் சர்ச்சுக்கு ஆகாதுன்னு முதல்ல உன்னைத் திட்டினவளே அவதான்.

— திட்டிட்டு ரெண்டாவது பெஞ்சுல உட்கார்ந்து செருப்பால தாளம் போடுவா.

— ஆமா... மேலே பீடத்துல நின்னா கேக்கும்.

— இப்பவும் அந்தப் பக்கம் காது போகுது.

— போதும் மாப்ள. அவர் குடைய மடக்கிட்டுக் கிளம்பறதுக்குள்ள போய் உள்ளதச் சொல்லிடறேன். இந்த அங்கியக் கழட்டி அவர் கையிலயே கொடுத்துடறேன். அந்த வரிய நம்ப முடியாதவன் மேலே நின்னு என்ன பண்ண?

— அப்புறம் யார் தொடங்கித் தருவா?

— வேற போதகர் வருவார். நீ வாசி. வாசிக்க வேண்டியவன் நீதான். கூடப் பிறந்தவளப் பறிகொடுத்துட்டும் நீ தடுமாறலியே. ஒரு வாரம் தவறினதில்ல. நான் நிக்கும்போது உன் வாசிப்பக் கேப்பேன். சரி, இவனாவது அசையாம இருக்கான்னு தோணும். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அடுத்த வரிக்கே வர்றேன்.

— அத்தான்...

— நிஜமாத்தான். நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இடம் தவறியிருந்தா என்ன ஆயிருக்கும்?

— மேடையில அப்படி ஆனது உண்டு.

— அப்ப என்ன பண்ணுவீங்க?

— மத்தவனுக்கு இடம் தெரியும்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு பேருமே வாசிச்சுக்கிட்டே போவோம்.

— அது எங்கயாவது போய்ச் சேருமா?

— தெரியல... அக்கா போனதுல இருந்து நான் ஜெபிச்சதே இல்ல அத்தான். நீங்க தொடங்குறதக் கேட்டுத்தான் வாசிச்சுக்கிட்டு இருக்கேன்.