அறையில் சத்தம் அதிகம்

ரிசீவர் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். அட்டைப்பெட்டியின் மேல் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறது என்று பார்க்கிறார்கள். அதைப் பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை. சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு, படத்தில் யாராவது கிசுகிசுக்கிற இடத்தைப் போட வேண்டும். வார்த்தைக்கு முன்னால் அவர்கள் இழுக்கிற மூச்சு கேட்டால் நல்ல பெட்டி. கேட்காவிட்டால் எத்தனை வாட் இருந்து என்ன.

கூடத்தில் இருக்கும் மூன்று கருப்புப் பெட்டிகள் என்னவென்று நீங்கள் கேட்டதால் இதைச் சொல்கிறேன் ஐயா. ரிசீவர் என்பது அதுதான்; டிவி, டிஸ்க் பிளேயர், சுற்றிலும் மாட்டியிருக்கிற ஸ்பீக்கர்கள் எல்லாவற்றின் ஒயரும் வந்து சேருகிற இடம். எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. ஒரே கம்பெனி இந்த வருடம் புதிதாக விட்டிருக்கிற மூன்று மாடல்கள். சின்னது, நடு, பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லி, இவற்றை விற்கிற கடைக்காரர் அனுப்பியிருந்தார். பதினோரு வருடமாக எனக்கு அதுதான் தொழில்.

மாதப் பத்திரிகையில் ஒலிக்கருவிகளைப் பற்றி எழுதுகிறவனைத் தெருவில் யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தப் பித்துப் பிடித்தவர்கள் நடுவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ‘காதுக்காரர்’ என்பார்கள். கடைக்காரர் தன் வாடிக்கையாளர்களிடம், காதுக்காரர் சொல்லிவிட்டால் அப்பீலே கிடையாது என்பாராம். நான் எழுதிய ஒரே ஒரு வரியைப் படித்துவிட்டு, வாங்கிய செட்டைத் திருப்பிக் கொடுத்த ஆட்கள் இருக்கிறார்கள்.

வீடு அண்ணனுடையது. அதை மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு ஏழு வயது மூத்தவர். துணி தைக்கும் தொழிற்சாலையில் மெஷின் மெக்கானிக்காக இருந்தார். முந்நூறு தையல் மெஷின் ஒரே கூடத்தில் ஓடும்; அவர் நடுவில் நடந்து போகும்போதே எதில் கோளாறு என்று காதாலேயே கண்டுபிடித்து அதன் முன்னால் போய் நிற்பார் என்று சொல்வார்கள். நான்கு வருடத்துக்கு முன் நுரையீரல் சுருங்க ஆரம்பித்தது. ஏன் சுருங்குகிறது என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. போன வருடத்திலிருந்து கட்டிலோடுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின், முழங்கால் உயரத்துக்கு. அறைக் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும். ஏழு விநாடிக்கு ஒரு தரம் ‘புஸ்’ என்று பெருமூச்சு விடும். மற்ற நேரமெல்லாம் ஓர் உறுமல்.

அவர் படுத்திருந்த அறைக்கும் நான் பெட்டிகளைச் சோதிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் இங்கே போட்டுக் கேட்பதை அவர் அங்கே கேட்டுக்கொண்டிருப்பார். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும்போது ஏதாவது சொல்வார். “நேத்து வச்சியே, அந்தப் பெட்டில ஆளுங்க மூக்கால பேசுறாங்கடா” என்று ஒரு முறை சொன்னார். போய்க் கேட்டேன். இருக்கலாம் என்று தோன்றியது. எழுதினேன். அந்த வரியை வெளிநாட்டில் இருக்கும் வாசகர்கள்கூட எடுத்துப் போட்டுப் பேசினார்கள். பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. எழுதி முடிக்கும் முன் அவர் அறைக்கு ஒரு நடை போய்விட்டு வருவேன். தன் பெயரையும் போடச் சொல்லி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. போட்டிருந்தால் அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

இந்த மூன்று மாடல்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன். பெட்டிகள் வருவதற்கு முன்பே, கம்பெனி அனுப்பிய காகிதங்களைப் படித்துவிட்டு, பெரியதற்கும் நடுவிலுள்ளதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று போன மாதப் பத்திரிகையிலேயே எழுதிவிட்டேன். கடைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை கடையில் ஒரு நிகழ்ச்சி. மூன்று பெட்டிகளும் திரைக்குப் பின்னால் இருக்கும். மாற்றி மாற்றிப் போடுவார்கள். எது எது என்று நான் வாசகர்கள் முன்னால் சொல்ல வேண்டும். நூற்றைம்பது பேர் வருவதாக எழுதிப் போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டில் ஒரு ஒத்திகை பார்த்தேன். அண்ணி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். வந்த களைப்போடு உட்கார்ந்து எனக்காக சுவிட்சை மாற்றிப் போட்டார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். அண்ணனும் தன் அறையிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணி விளையாட்டாக இரண்டு பேருடையதையும் ஒரு தாளில் குறித்தார். இருபது தரத்தில் நான் சரியாகச் சொன்னது ஏழு. அண்ணன் சின்னதை ஒரு தடவைகூடத் தவற விடவில்லை. மற்ற இரண்டுக்கும் அவர் பெயரே சொல்லவில்லை. “மத்தது” என்று மட்டும் சொன்னார்.

அண்ணி சிரித்துவிட்டார். “காதுக்காரர் இந்த ரூம்ல இல்ல போலிருக்கே தம்பி” என்றார். கேலிதான். நானும் சிரித்தேன்.

அண்ணனிடம் போய், மற்றது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்குவார். காத்திருந்து கேட்க வேண்டும்.

“நடுவுல உள்ளதும் பெரிசும் ஒண்ணுதான்டா. உள்ள ஒரே சரக்கு. மூஞ்சிய மட்டும் மாத்தியிருக்கான். பேசாம அப்படியே எழுதிடு, வாங்குறவங்க உன்னை வாழ்த்துவாங்க.”

ஏற்கெனவே வேறு மாதிரி எழுதிவிட்டேன் என்று சொன்னேன்.

“அதுக்கென்ன. தப்பா சொல்லிட்டேன்னு சொல்லு. உனக்குச் சங்கடமா இருந்தா நான் வேணா கடைக்காரர்கிட்ட போன்ல பேசறேன். எல்லா தடவையும் நீ என்கிட்ட கேட்டுட்டுதானே எழுதறே, அதையும் சொல்லிடறேன். அவர் புரிஞ்சுக்குவார்.”

அவர் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது ஐயா. அதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பேன். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

உட்கார்ந்து நிதானமாக யோசித்தபோது குறை எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது. மெஷின் சத்தம். அண்ணனுக்கு அது பழகிப்போய், காது அதைத் தள்ளிவிடும். எனக்கு அப்படி இல்லை. பெரிய பெட்டியின் நுணுக்கமெல்லாம் அந்த உறுமலில் அமுங்கிப்போகிறது. நான் சும்மா சொல்லவில்லை, பெட்டியே சாட்சி. ஒவ்வொரு ரிசீவரோடும் ஒரு சின்ன மைக் வரும். உட்காரும் இடத்தில் அதை வைத்துவிட்டால், ஸ்பீக்கர்களிலிருந்து விதவிதமான ஒலியை அனுப்பி, பெட்டி அறையை அளந்துகொள்ளும். செவ்வாய்க்கிழமை அளக்கப் போட்டேன். சின்னது ஏற்றுக்கொண்டது. நடுவும் ஏற்றுக்கொண்டது. பெரியது மட்டும் திரையில் எழுதிக் காட்டியது: அறையில் சத்தம் அதிகம், மீண்டும் அளக்கவும். மூன்று முறை. அதற்கு மட்டும் அது தெரிந்திருக்கிறது என்றால் அதன் காது மற்ற இரண்டையும்விட நுணுக்கம் என்றுதானே பொருள்?

அண்ணனிடம் சொன்னேன். அவரே வழி சொன்னார். கரண்ட் போனால் உதவட்டும் என்று கட்டிலுக்கடியில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. குழாயை அதில் மாட்டிவிட்டால் மெஷினை நிறுத்திவைக்கலாம். செவ்வாயும் புதனும் அப்படித்தான் செய்தோம், அண்ணிக்கும் தெரியும். ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பது பத்து நிமிட வேலை இல்லை. புதன்கிழமை சாயங்காலம், நான் கேட்டு முடிக்கும் முன்பே, சிலிண்டரின் முள் சிவப்புக்கோட்டில் வந்து நின்றுவிட்டது. அண்ணி கவலையோடு, வேறு சிலிண்டர் கொண்டுவரச் சொல்லியாயிற்றா என்று கேட்டார். கொண்டுவந்தாயிற்று, மாற்றியும் வைத்துவிட்டேன் என்று சொன்னேன். அந்தச் சமயத்தில் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். காலையில் போன் செய்துவிடலாம் என்று இருந்தேன். காலையில் செய்யவில்லை.

வியாழக்கிழமை எட்டே முக்காலுக்கு அண்ணி கிளம்பிப் போனார். அண்ணன் கூப்பிடுவதற்குக் கையில் ஒரு பொத்தான் கொடுத்திருந்தோம். அழுத்தினால் கூடத்தில் மணி அடிக்கும். அளக்கிற நேரத்தில் மணி அடித்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று மணியிலிருந்த பேட்டரியை எடுத்து மேசை மேல் வைத்தேன். பத்து மணிக்கு அவர் அறைக்குப் போனேன். பத்து நிமிடம் சிலிண்டரில் இருக்கச் சொன்னேன். சரி என்றார். குழாயை மாற்றி மாட்டித் திருகைத் திறந்தேன். மெஷினின் பிளக்கைப் பிடுங்கினால் அது கத்தும். அதன் சுவிட்சிலேயே நிறுத்தினால் கத்தாது. சுவிட்சில் நிறுத்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “காத்து வர்ற மாதிரி தெரியலையே தம்பி” என்றார்.

“மெதுவாத்தான் வரும்ணா. பேசாம இருங்க, மைக் எடுத்துடும்.”

பேசாமல் இருந்தார். என் வேலை கெட்டுப்போகக் கூடாது என்று எப்போதும் நினைப்பவர். அவர் அறைக் கதவைச் சாத்தினேன், கூடத்துக் கதவையும் சாத்தினேன்.

பெரியதை அளக்கப் போட்டேன். பாதியிலேயே மறுபடியும், அறையில் சத்தம் அதிகம் என்று வந்தது. இந்தத் தடவை மெஷின் இல்லை. சுவரில் தட்டும் ஓசை. கையால் தட்டுகிறார் என்று தெரிந்தது. நாலைந்து தரம் தட்டினார், நிறுத்தினார், பிறகு ஏதோ ஒரு பொருளால் தட்டினார். நான் எழுந்து கதவுவரை போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஆறு அல்லது ஏழு நிமிடம் காத்திருந்தேன். பிறகு மீண்டும் அளக்கப் போட்டேன். முதல் ஒலியிலிருந்து கடைசி வரை தடங்கல் இல்லாமல் ஓடியது. முடிந்தது என்று திரையில் பச்சையாக வந்தது.

அதற்குப் பிறகு ஐம்பது நிமிடம் மூன்று பெட்டிகளையும் கேட்டேன். நான்கு வருடத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை.

பதினொன்றேகாலுக்குப் போய்க் குழாயைப் பழையபடி மாட்டி, மெஷினைப் போட்டேன். பேட்டரியைத் திருப்பி வைத்தேன். கீழே ஒரு தம்ளர் விழுந்து கிடந்தது. அதை எடுத்து வைத்து, சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்தேன். அவர் கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்தேன். அதன் பிறகு அண்ணிக்கும் டாக்டருக்கும் போன் செய்தேன். டாக்டர் ஆச்சரியப்படவில்லை. இன்றோ நாளையோ என்று எதிர்பார்த்ததுதான் என்றார். வந்தவர்கள் எல்லோரும், இப்படிப் பார்த்துக்கொள்கிற தம்பி யாருக்குக் கிடைப்பான் என்றார்கள். கடைக்காரர் சனிக்கிழமை நிகழ்ச்சியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார். கையைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக வாங்க, காதுக்காரர் இல்லாமல் நாங்கள் தொடங்க மாட்டோம் என்றார்.

அண்ணி கெட்டிக்காரர். அந்த மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுகிற சின்ன எண் பலகை அதன் பின்பக்கம் உண்டு. எனக்கு அது தெரியாது. இத்தனை மணிக்கு ஒரு முறை வடிகட்டி மாற்ற வேண்டும் என்பதால் அண்ணி அதைத் தினமும் காலையில் காலண்டரில் குறித்து வந்திருக்கிறார். மெஷினைத் திருப்பி எடுத்துப்போக ஆள் வந்தபோது கூட்டிப் பார்த்திருக்கிறார். செவ்வாயும் புதனும் சிலிண்டரில் இருந்த நேரத்தைக் கழித்தால் கணக்குச் சரியாக வந்திருக்கிறது. வியாழக்கிழமையில் ஒரு மணிக்கு மேல் குறைந்திருக்கிறது. கரண்டும் போகவில்லை. பிறகு கட்டிலுக்கடியில் குனிந்து சிலிண்டரின் முள்ளைப் பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லுங்கள்.

ஆகவே நீங்கள் எழுதிக்கொள்ளலாம். சிலிண்டர் காலி என்று எனக்குத் தெரியும். மெஷினை நான்தான் நிறுத்தினேன். தட்டியது கேட்டது. எதற்காகத் தட்டுகிறார் என்றும் தெரிந்தது. அவர் கடைக்காரரிடம் போனில் பேசிவிடுவார் என்பதற்காகச் செய்தேன் என்று அண்ணி சொல்லியிருப்பார். அது சரியில்லை. எனக்கு ஒரு மணி நேரம் சத்தமில்லாத அறை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கட்டுரையைப் பற்றிக் கேட்டீர்கள். இன்னும் முடியவில்லை. நேற்றுக் காலை கடைசிப் பத்தியை எழுத உட்கார்ந்தேன். பெரியது நடுவிலுள்ளதைவிட எந்த இடத்தில் மேல் என்று ஒரு வரி வேண்டும். அத்தனை அமைதியில் அத்தனை கவனமாகக் கேட்டிருக்கிறேன், ஆனாலும் அந்த ஒரு வரி அமையவில்லை. பேனாவை வைத்துவிட்டு எழுந்து, அண்ணன் அறைக் கதவைத் திறந்து, “அண்ணா, ஒரு நிமிஷம்” என்று கூப்பிட்டுவிட்டேன். பழக்கதோஷம் ஐயா, வேறொன்றும் இல்லை.