தலைவருக்கு ரெண்டு நிமிசம்

கண்ணம்மாள்: ஏனுங்க, அந்த மாலையக் கழட்டிப்போட்டுச் சோத்தத் தின்னுங்க. செண்டுமல்லி எல்லாம் ரசத்துல உளுவுது.

பெரியண்ணன்: இருக்கட்டும் புள்ள. ஏற்காட்டுல பஸ்ஸ உட்டு எறங்குறேன், மாலையோட நிக்கறாங்க! நான் ஆரஞ்சு மூட்டையோட சேலம் போயிட்டு வரக்குள்ள என்னையப் பஸ் கமிட்டித் தலைவராக்கிப்போட்டாங்களே... எதுத்து ஒருத்தருமில்லையா?

கண்ணம்மாள்: ஒம்போது பேரு கமிட்டி. நீங்க போக எட்டுப் பேரும் கை தூக்கிட்டோமுங்க.

பெரியண்ணன்: என்ற பேர மொதல்ல சொன்ன மகராசன் ஆரு?

கண்ணம்மாள்: அது... அப்பறஞ் சொல்றனுங்க. ரசம் இன்னொரு கரண்டி?

பெரியண்ணன்: ஊத்து. செம்மநத்தத்துக்கு மொத மொதலா பஸ்ஸு வருது. அது எங்க நிக்கோணும்னு நாளைக்குத்தான முடிவு? எறக்கத்துக்குக் கீழ நம்மூட்டு வாசல்லதான்னு ஒரு மணி நேரம் பேசறேன் பாரு...

கண்ணம்மாள்: நீங்க பேசப்படாதுங்க.

பெரியண்ணன்: என்னாது?

கண்ணம்மாள்: தலைவரு ஒரு பக்கமாப் பேசப்படாதாமுங்க. மத்தவங்களப் பேச உட்டுப்போட்டு, கையி எண்ணிச் சொல்றதோட சரி. செயலாளரு சுப்பிரமணி பொஸ்தகத்தப் பாத்தே படிச்சாருங்க.

பெரியண்ணன்: அட, மூணு கூட்டமும் நாந்தான பேசுனேன்!

கண்ணம்மாள்: அதாங்க வெனையே. நீங்க முடிக்கறக்குள்ள சனம் மாடு புடிக்க ஓடிப்போயிருது. கையி எண்ண ஆளிருந்தாத்தான?

பெரியண்ணன்: சரி, போவுது. கமிட்டியில நம்ம சேக்காளி பொன்னுவேல் எனக்காவ முன்மொழிவான்.

கண்ணம்மாள்: அது பத்தாதுங்க. இன்னொருத்தரு வழிமொழியோணும். இல்லாட்டி அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாங்க.

பெரியண்ணன்: நீ வழிமொழி.

கண்ணம்மாள்: மாட்டனுங்க. மேட்டுத்தெரு வேலம்மாக்கா பலாப்பழக் கூடையோட அந்த எறக்கத்துல வழுக்கி உளுந்து, கை ஒடிஞ்சு கெடக்குது. மழையில தெனம் எத்தன பொம்பளைங்க சொமந்து எறங்கறாங்க! எனக்கு வயிறு எரியுதுங்க. பஸ்ஸு மேட்டுலதான் நிக்கோணும்.

பெரியண்ணன்: கட்டுன புருசனுக்கே எதுர் ஓட்டா?

கண்ணம்மாள்: ஆளுக்கு ஒரு ஓட்டுங்க. ஊட்டுக்கு ஒண்ணில்ல... அது கெடக்கட்டும், நம்ம வாசல்ல நின்னா உங்களுக்கு என்ன வருது?

பெரியண்ணன்: எனக்கா? ஒண்ணுமில்ல... ஊரு நல்லதுக்குத்தான்.

கண்ணம்மாள்: அப்ப கொட்டாயில சாக்கு சுத்தி வெச்சிருக்கறது?

பெரியண்ணன்: அது... ரசம் இன்னொரு கரண்டி ஊத்து.

கண்ணம்மாள்: டீக்கடை பாய்லருதானுங்களே?

பெரியண்ணன்: ...வெல சல்லிசா வந்துது புள்ள.

கண்ணம்மாள்: ஊரு நல்லதுக்கு!

பெரியண்ணன்: சிரிக்காத. நாலுக்கு நாலு வந்தா என்ற ஓட்டுத்தான முடிவு? அதும் பொஸ்தகத்துல இருக்குமே!

கண்ணம்மாள்: இருக்குதுங்க. ஆனா நாலுக்கு நாலு வராது. ஆறுக்கு ரெண்டுங்க. ஊடு ஊடாப் போயிக் கேட்டுப்போட்டேன்.

பெரியண்ணன்: அடிப்பாவி... இரு, இரு. நான் நாற்காலிய உட்டு எறங்கிப்போட்டா? அப்பப் பேசலாமில்ல?

கண்ணம்மாள்: ...பேசலாமுங்க.

பெரியண்ணன்: பாத்தியா! மூஞ்சி சுண்டிப்போச்சே உனக்கு!

கண்ணம்மாள்: அந்நேரத்துக்கு உபதலைவரு நாற்காலியில உக்காருவாங்க. அவங்க குடுக்கற நேரத்துக்குள்ள நீங்க முடிச்சுக்கோணும்.

பெரியண்ணன்: அவ்வளவுதான? ஒரு மணி நேரம் குடுத்தா அந்த ஆறையும் கரைச்சுப்போடுவேன். உபதலைவரு ஆரு, பொன்னுவேலா?

கண்ணம்மாள்: இல்லீங்க... ஆனா நம்மாளுதான்.

பெரியண்ணன்: நம்மாளுன்னா சரி! நான் கேட்டா மாட்டேங்குமா? பேரச் சொல்லு புள்ள.

கண்ணம்மாள்: உபதலைவரு நாந்தானுங்க. உங்க பேர மொதல்ல சொன்னதும் நாந்தான். ரெண்டு நிமிசம் தர்றனுங்க... இப்பவாச்சும் மாலையக் கழட்டுங்க.