நடுவே இரண்டு நாற்காலி

தொமிகோ: ...அதான் சொன்னேனே, ரயில் தாமதம். என் பொண்ணு அகனே இப்ப வந்துடுவா.

ஹிசாயோ: டோக்கியோவுல ரயில் தாமதமா? உங்க ஓசாகாவுல வேணா நடக்கும்.

தொமிகோ: அப்ப உங்க பையன் எங்க? அவன் ரயில் மட்டும் தண்டவாளத்துல ஓடலையா?

ஹிசாயோ: ரெய்ஜிக்கு ஆபீஸ்ல அவசர மீட்டிங். அவன் இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது.

தொமிகோ: ஞாயித்துக்கிழமை மத்தியானமா?

ஹிசாயோ: பெரிய பொறுப்புல இருக்கறவங்களுக்குக் கிழமை ஏதுங்க?

தொமிகோ: அது சரி. ஆனா அகனே, ரெண்டு பேரும் ஒண்ணா கிளம்பறோம்னாளே...

ஹிசாயோ: ஒண்ணாவா? அப்ப அவளும் மீட்டிங்லதான் இருக்கணும்.

ஒகிட்சு: வணக்கம். நான் ஒகிட்சு. இன்னிக்கு உங்களுக்கு நான்தான் சுஷி பிடிச்சுத் தரப் போறேன். சாப்பிடக் கூடாதது ஏதாவது உண்டா?

ஹிசாயோ: எனக்கு ஒண்ணுமில்லீங்க ஐயா. உங்க கை எது தருதோ அது.

தொமிகோ: மாஸ்டர், மெனு கார்டு எங்க?

ஹிசாயோ: அகனேவோட அம்மா... மெதுவா. இங்க கார்டெல்லாம் கிடையாது. மாஸ்டர்னு கூப்பிட இது என்ன நூடுல்ஸ் கடையா? அவர் இஷ்டப்படி குடுப்பார், நாம சாப்பிடணும். அதுதான் ஒமகாசே.

தொமிகோ: குடுக்கறதை வாயை மூடிட்டுத் தின்னணுமா? எங்க மாமியார் வீட்டுலயும் அப்படித்தான். அங்க இடம் கிடைக்க யாரும் மாசக்கணக்கா காத்துக் கிடக்கலை.

ஹிசாயோ: ரெய்ஜி காத்திருந்து பிடிச்ச இடம் இது. ரெண்டு குடும்பமும் முதல் தடவையா பாத்துக்கறோம், கின்சாவுலயே நல்ல கடையா இருக்கணும்னான். எட்டே பேர்தான் உட்கார முடியும்.

தொமிகோ: அந்த எட்டுல ரெண்டு இப்ப நம்ம நடுவுல காலியா கிடக்கு.

ஹிசாயோ: வந்துடுவாங்க.

தொமிகோ: வந்துடுவாங்க வந்துடுவாங்க.

ஒகிட்சு: கணவாய். மேல உப்பு போட்டிருக்கேன். சோயா தொட வேண்டாம்.

தொமிகோ: இவ்வளவுதானா? ரெண்டு விரல் அகலச் சோத்துக்கா இத்தனை கும்பிடு?

ஹிசாயோ: உடனே வாயில போடுங்க. வெச்சுப் பேசினா அவரை அவமானப்படுத்தற மாதிரி.

தொமிகோ: ம்... ம். நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னிக்கு ராத்திரி நான் வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை சாப்பிடணும்.

ஹிசாயோ: ஒண்ணு சொல்லட்டுமா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாதிரி இடத்துக்கு சென்ட் பூசிட்டு வரக்கூடாது. மீனோட வாசனை செத்துடும்.

தொமிகோ: சென்ட்டா? நானா? அது சலவைக் கடை வாசனைங்க. ஏழு கடை வெச்சிருக்கேன், எல்லாத்துலயும் நானே நிக்கறேன். தேய்ச்சுக் குளிச்சாலும் போகாது.

ஹிசாயோ: ஓ... அது தொழில் வாசனை. நான் பாருங்க, ஏதோ மலிவு சென்ட்டுன்னு நினைச்சுட்டேன்.

தொமிகோ: நீங்க தேநீர்ச் சடங்கு சொல்லித் தர்றவங்க. ஒரு கப் டீ குடிக்க மூணு மணி நேரம் முட்டி போடறவங்களுக்கு எங்க வாசனை புரியாதுதான்.

ஒகிட்சு: சூரை. முதல்ல செம்பகுதி. கொழுப்புப் பகுதி அப்புறம் வரும்.

ஹிசாயோ: ஆஹா... பாத்தீங்களா, சோறு லேசா சிவப்பு. பழைய வினிகர். உங்க ஊர்ல பெட்டிக்குள்ள போட்டு அமுக்கற சுஷி இல்ல இது.

தொமிகோ: எங்க பெட்டி சுஷி ரயில்ல எடுத்துட்டுப் போனாலும் கலையாது. இது என்னடான்னா, மூச்சு விட்டா உதிருது. உங்க ஊர்க்காரங்க மாதிரி.

ஹிசாயோ: உங்களுக்கு வாய் ரொம்ப...

தொமிகோ: நீளம். தெரியும். என் வீட்டுக்காரர் ஓடிப் போறப்பவும் அதைத்தான் சொன்னார். ஏன் முழிக்கறீங்க? உங்களுக்குத் தெரிஞ்ச சமாச்சாரம்தானே?

ஹிசாயோ: எனக்கெப்படித் தெரியும்?

தொமிகோ: அந்தக் கடைசி சீட்டுல பாருங்க அந்தப் பையனை.

ஹிசாயோ: எவன்? ஐயோ... இன்னும் படம்தான் எடுக்கறானா? அந்த மீனை வெச்சு எவ்வளவு நேரமாச்சு!

தொமிகோ: படம் பிடிச்சே சாகடிச்சுடுவான் போல.

ஹிசாயோ: ஏற்கெனவே செத்த மீன்தானே.

தொமிகோ: அட! உங்களுக்கு ஜோக்கெல்லாம் வருமா?

ஹிசாயோ: பக்கத்துல ஒரு பொண்ணு, நகத்துல கண்ணாடிக் கல்லு ஒட்டிட்டு. சுஷியைக் கையால எடுக்கவும் முடியலை, குச்சியால பிடிக்கவும் முடியலை.

தொமிகோ: அவன் ஊட்டி விடுவான்னு பாக்கறா. அவன் மீனைத்தான் கொஞ்சிட்டு இருக்கான்.

ஹிசாயோ: இதுங்க எல்லாம் ஒரு கல்யாணம் பண்ணி...

தொமிகோ: ...ம்.

ஹிசாயோ: ...கல்யாணம்னதும் ஞாபகம் வருது. கோயில்ல வெக்கறதா முடிவு. வெள்ளைக் கிமோனோ. நேத்து ராத்திரிகூட ரெய்ஜி ஒரு மணி நேரம் ஃபோன்ல பேசினான்.

தொமிகோ: கோயிலா? அகனே கவுன்னு சொன்னாளே. கோபேல, கடலைப் பாத்த ஒரு ஹோட்டல்.

ஹிசாயோ: எப்போ சொன்னா?

தொமிகோ: நேத்து ராத்திரி. விடிய விடிய பேசிட்டிருந்தோம். "மெதுவா பேசும்மா, ரெய்ஜி பக்கத்துல தூங்கறான்"னுகூட சொன்னா.

ஹிசாயோ: தூங்கினானா? என்கிட்டப் பேசிட்டிருந்தவன் எப்படிங்க தூங்குவான்?

தொமிகோ: தூக்கத்துல பேசியிருப்பான். அம்மான்னா அவன் அப்படித்தானாமே. தும்மறதுக்குக்கூட உங்ககிட்ட ஃபோன் போட்டுக் கேப்பானாம்.

ஹிசாயோ: யார் சொன்னா?

தொமிகோ: ஊரே சொல்லுது.

ஒகிட்சு: கானாங்கெளுத்தி. வினிகர்ல ஊறினது.

ஹிசாயோ: என் பையன் என்கிட்ட எதையும் மறைக்க மாட்டான். அவர் போனதுலேர்ந்து நானும் அவனும்தான். காலையில என்ன சாப்பிட்டான்னுகூட சொல்லுவான்.

தொமிகோ: என் பொண்ணும்தான். அவ ஃபோன் வராம எனக்கு ஒரு பொழுது போனதில்ல.

ஹிசாயோ: அப்ப இன்னிக்கு என்ன நிற உடுப்புல வர்றான்னு சொன்னாளா?

தொமிகோ: நீலம்.

ஹிசாயோ: ரெய்ஜி பச்சைன்னான்.

தொமிகோ: ஆம்பளைக்கு என்ன தெரியும் நிறம்.

ஒகிட்சு: அம்மா... ரெண்டு பேருக்கும்தான் கேக்கறேன். நடுவுல இருக்கற தட்டு ரெண்டையும் எடுத்துடட்டுமா?

ஹிசாயோ: ம், எடுத்துடுங்க.

தொமிகோ: எடுங்க எடுங்க.

ஹிசாயோ: ஏன் எடுக்கச் சொன்னீங்க? இப்ப வந்துடுவான்னீங்களே?

தொமிகோ: நீங்கதான் முதல்ல சொன்னீங்க. மீட்டிங் முடியாதா?

ஹிசாயோ: ரயில் வராதா?

தொமிகோ: மாஸ்டர், இங்க பாருங்க. நீங்க ஏன் அவங்களுக்குன்னு மீனே வெட்டலை? ஆரம்பத்துலேர்ந்து பாக்கறேன். ரெண்டு ரெண்டாத்தான் பிடிக்கறீங்க.

ஹிசாயோ: ஐயா, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். உங்க வேலையைப் பாருங்க.

தொமிகோ: ஏன் பேசக் கூடாது? அவர் வாயைத் திறந்தா உங்களுக்கு என்ன?

ஒகிட்சு: அம்மா, என்னை விட்டுடுங்க. நீங்க ரெண்டு பேரும் ஃபோன்ல தனித்தனியா என்கிட்ட ஒரே விஷயத்தைத்தான் சொன்னீங்க. "எனக்குத் தெரியும், அந்தம்மாவுக்குத் தெரிய வேண்டாம்"னு. நான் மீன் வெட்டறவன். இதுக்கு மேல என்னால முகத்தை மறைச்சுக்க முடியாது.

தொமிகோ: ...என்னது? இவங்களும் சொன்னாங்களா?

ஹிசாயோ: ...உங்களுக்கும் தெரியுமா? பிள்ளைங்க வரலைன்னு?

தொமிகோ: தெரிஞ்சும் மீட்டிங்னு புளுகினீங்களே, வெட்கமா இல்ல?

ஹிசாயோ: நீங்க மட்டும்? நீலமாம், கவுனாம், கோபேயாம்! கடலைப் பாத்த ஹோட்டல் வேற!

தொமிகோ: வெள்ளைக் கிமோனோவை விடவா?

ஹிசாயோ: சத்தம் போடாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க.

தொமிகோ: பாக்கட்டும். அந்தப் பையன் இதையும் படம் எடுக்கட்டும்.

ஒகிட்சு: சூரை. கொழுப்புப் பகுதி. ...தயவுசெஞ்சு சோத்தோட சூடு போறதுக்குள்ள.

தொமிகோ: சே. இந்த நேரத்துல இது இவ்வளவு நல்லா இருந்து தொலைக்கணுமா?

ஹிசாயோ: எல்லாம் உங்களாலதான். அகனேகிட்ட ரெய்ஜியை என்னன்னு சொன்னீங்க? கணவாய்க்குக்கூட உள்ள முதுகெலும்பு மாதிரி ஒரு ஓடு இருக்கு, இவனுக்கு அதுவும் இல்லன்னு.

தொமிகோ: சொன்னேன். இல்லைதான். அதை அவன் ரோஷப்பட்டு என்கிட்ட வந்து கேட்டிருந்தா, ஓடு இருக்குன்னு ஒத்துட்டிருப்பேன்.

ஹிசாயோ: அந்தப் பேச்சுலதான் எல்லாம் கெட்டுச்சு.

தொமிகோ: ஓஹோ. எங்க தெருவுல ஒரு கோட்டு போட்ட ஆளு வந்து வீடு வீடா கேட்டானே, அகனேவோட அப்பா எதுக்கு ஓடினாரு, யாரோட ஓடினாருன்னு. அவனை அனுப்பினது யாரு?

ஹிசாயோ: ...எங்க குடும்பத்துல அது வழக்கம். பொண்ணு எடுக்கறப்ப விசாரிப்பாங்க.

தொமிகோ: வெளுக்கறவ வீட்டு அழுக்கைத் தேடி ஆள் வெச்சீங்க. அது அகனே காதுக்குப் போச்சு. அவ ஒரு வார்த்தை பேசலை. என்னைத்தான் கேட்டா, "ஊர்ல இத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் ஏம்மா அப்பா செத்துட்டார்னு சொன்னே?"

ஹிசாயோ: அவகிட்ட... செத்துட்டார்னா சொல்லியிருந்தீங்க?

தொமிகோ: சின்னப் பொண்ணு. வேற என்ன சொல்ல?

ஹிசாயோ: ...எனக்கு அது தெரியாது.

தொமிகோ: நீங்க அனுப்பின ஆளு அதை எழுதலையா? நல்ல ஆளாப் பாத்து வெச்சிருக்கலாம். இப்ப எதுக்கு அந்தக் கைக்குட்டையை எடுக்கறீங்க? வசாபிக் காரமா?

ஹிசாயோ: வசாபிதான்.

தொமிகோ: இதுல வசாபியே போடலை.

ஹிசாயோ: நீங்க கொஞ்சம் சும்மா இருக்க மாட்டீங்களா... சரி, இதைச் சொல்லுங்க. இன்னிக்கு வரலைன்னு அகனே எப்படிச் சொன்னா? கோவமாவா?

தொமிகோ: ரெய்ஜி எப்படிச் சொன்னான்?

ஹிசாயோ: நான் முதல்ல கேட்டேன்.

தொமிகோ: ...கடையிலேர்ந்துதான் ஃபோன் வந்துச்சு. ரெண்டு இடம் ரத்து, நீங்க வர்றீங்களான்னு கேட்டாங்க. தெரியும், வர்றேன்னேன். என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. கடைக்காரன் முன்னால விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு ஒரு வீம்பு.

ஹிசாயோ: எனக்கும்... கடையிலேர்ந்துதான்.

தொமிகோ: நேத்து ராத்திரி ஒரு மணி நேரம்?

ஹிசாயோ: புத்தாண்டுக்கே அவன் வீட்டுக்கு வரலை. நான்தான் தினமும் ஃபோன்ல எழுதி அனுப்பறேன். படிச்சதுக்கு அடையாளம் மட்டும் வரும். பதில் வராது.

தொமிகோ: உங்களுக்கு அடையாளமாவது வருதே! எனக்கு அதுவும் வரலை. என் நம்பரையே தடுத்து வெச்சிருக்கா.

ஹிசாயோ: விடிய விடிய பேசினீங்களே...

தொமிகோ: பேசினேன். எடுக்காத ஃபோன்ல பேச யாரு தடுத்தா?

ஒகிட்சு: விலாங்கு. வேக வெச்சது, மேல இனிப்புச் சாறு தடவியிருக்கு.

தொமிகோ: மாஸ்டர்... இல்ல, ஐயா. ரெய்ஜி ரத்து பண்ணினப்ப குரல் எப்படி இருந்துச்சு? பக்கத்துல பொம்பளைக் குரல் ஏதாவது கேட்டுச்சா?

ஹிசாயோ: உடம்பு சரியில்லாத மாதிரி இருந்துச்சா? அவனுக்கு இந்தப் பருவத்துல தொண்டை கட்டும்.

ஒகிட்சு: குரல் ஏதும்மா... எல்லாம் இன்டர்நெட்டுல. ரெண்டு இடம் ரத்து, ரெண்டு இடம் அப்படியே இருக்கட்டும்னு வந்துச்சு. அவ்வளவுதான்.

தொமிகோ: நம்ம ரெண்டு பேரையும் இப்படி ஒண்ணா உட்கார வெச்சிருக்குதுங்க.

ஹிசாயோ: தண்டனையா?

தொமிகோ: தண்டனைக்கு இப்படியா மீன் போடுவாங்க?

ஹிசாயோ: ...கிட்ட வந்து உட்காருங்களேன். இந்த ரெண்டு நாற்காலியைத் தாண்டிப் பேசிப் பேசித் தொண்டை வலிக்குது.

தொமிகோ: சலவை வாசனை வரும்.

ஹிசாயோ: வரட்டும். மீனே முடியப் போகுது.

ஒகிட்சு: முட்டை. இதோட முடிஞ்சுதுங்க. இன்னும் ஏதாவது வேணும்னா பிடிச்சுத் தர்றேன்.

ஹிசாயோ: போதும் ஐயா. ரொம்ப நல்லா இருந்துச்சு.

தொமிகோ: எனக்குக் கணவாய் இன்னொண்ணு குடுங்க. இவங்களுக்கும் ஒண்ணு. மாட்டேன்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க.

ஹிசாயோ: உங்ககூட குடித்தனம் பண்ண முடியாமத்தான் அந்த மனுஷன் ஓடியிருக்கார்.

தொமிகோ: இருக்கும். உங்க பையன் ஏன் ஓடினான்?

ஹிசாயோ: ...இருங்க. நேரா ஒண்ணு கேக்கறேன். இனிமே வீம்பு வேண்டாம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

தொமிகோ: கேளுங்க.

ஹிசாயோ: அவனைப் பத்தி யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாமத்தான் இங்க வந்து உட்கார்ந்தேன். நீங்க பொண்ணைப் பெத்தவங்க, எப்படியும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். அவங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிட்டாங்களா... இல்ல, பிரிஞ்சே போயிட்டாங்களா?

தொமிகோ: அதை உங்ககிட்ட கேக்கலாம்னுதாங்க... காலையில ஓசாகாவுல ரயில் ஏறினேன்.