மாதத்துக்கு ஒரு கால்

என் அம்மாவுடையவை எழுபத்து மூன்று வயதுக்கு மிக நல்ல கால்கள். அந்தக் கால்களோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம். உங்கள் விசாரணைக்காக நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. செய்ததையெல்லாம் பட்டப்பகலில், கையுறை மாட்டிக்கொண்டு, சுத்தமாகத்தான் செய்தேன்.

பதினாறு வருடமாக ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளனாக இருக்கிறேன். முப்பத்தெட்டுக் கிராமங்களுக்கு எங்கள் வண்டி ஒன்றுதான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றேகால் மணி நேரம் தள்ளி இருக்கிறது. ஓட்டுநரை எல்லோரும் பிரேக் அண்ணன் என்பார்கள். அவர் பிரேக்கை மிதித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர். வண்டி நிற்பது சின்ன சுகாதார நிலையத்தின் வளாகத்தில். அங்கே கட்டுப் போடுகிறவர் லீவு எடுத்தால் அந்த வேலையும் என் தலையில் விழும். மாவுக்கட்டு எனக்குக் கைவந்தது அப்படித்தான். நான் போடும் கட்டு வழவழவென்று இருக்கும். ஒரு நோயாளி தன் கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, வீட்டுச் சுவருக்கும் பூசித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

அம்மா ஓய்வுபெற்ற விளையாட்டு டீச்சர். விசில் டீச்சர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். அப்பா போன பிறகு வீட்டில் நானும் அவளும்தான். எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. அக்கா கடல் கடந்து இருக்கிறாள். அம்மாவுக்கு வந்த நோய் கொஞ்சம் விசித்திரமானது. உட்கார்ந்திருந்தால் ஒன்றும் இல்லை. எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, தலை சுற்றி விழுந்துவிடுவாள். வேளாவேளைக்கு மாத்திரை போட வேண்டும். மற்றபடி டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்று: "அலையாம ஒரு இடத்துல உக்காரச் சொல்லுங்க, போதும்."

அதை விசில் டீச்சரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் ஒரே மாதத்தில் நான்கு முறை என் அம்மாவை நானே ஆம்புலன்ஸில் ஏற்றினேன். ஒருமுறை தண்ணீர்த் தொட்டி ஏணியின் அடியில் கிடந்தாள். ஒருமுறை பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கப் போய் விழுந்திருந்தாள். பஸ் அவளுக்கல்ல, முன்பின் தெரியாத யாருக்காகவோ. ஒருமுறை பக்கத்து வீட்டு மருமகளுக்குக் கயிறு தாண்டிக் காட்டும்போது. நான்காவது தடவை, "வயசான அம்மா ஒருத்தங்க" என்று அழைப்பில் சொல்லும்போதே பிரேக் அண்ணன் விலாசம் கேட்காமல் வண்டியைத் திருப்பிவிட்டார்.

சிரிக்கலாம். ஆனால் நெஞ்சுவலிக்காரர் ஒருவரின் மணிக்கட்டில் என் ஒரு கையும், சட்டைப்பையில் அதிர்கிற போனில் இன்னொரு கையும் இருந்த நாட்கள் அவை. ஒருநாள் நாடி எத்தனை என்பதையே மறந்து மறுபடி எண்ணினேன். அந்த மனிதர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது பண்ணுதா தம்பி?" என்று கேட்டார்.

பார்த்துக்கொள்ள ஆள் வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். மூன்று பேரை வைத்தேன். முதல் பெண்ணை அம்மா காலையில் உடற்பயிற்சி செய்ய வைத்தாள். நான்காம் நாள் அந்தப் பெண் தொடை வலி என்று நின்றுவிட்டாள். இரண்டாமவள் இரண்டே நாள். மூன்றாவதாக வந்தவள் எட்டுக் கிலோ இளைத்துப்போய், அந்தச் சந்தோஷத்தில் வேறு நல்ல வேலைக்குப் போய்விட்டாள்.

பிறகு அம்மா பள்ளிக்கூட மதில் மேல் ஏறிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்குத் தீர்ப்பு சொல்லும்போது விழுந்து, இடது கணுக்கால் நிஜமாகவே ஒடிந்தது. ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு.

அந்த ஆறு வாரத்தைப் பற்றி என்ன சொல்வேன். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மாத்திரை எட்டிய கையில் இருந்தது. போன் அடிக்கவே இல்லை. ஓடுகிற வண்டியில் ஒரு பிரசவம் பார்த்தேன்; குழந்தை என் கையில் வழுக்கி வந்து விழுந்தபோது, வருடக் கணக்கில் முதல் தடவையாக வேறு எந்த நினைப்பும் என் தலையில் இல்லை. நான் நல்ல மருத்துவ உதவியாளன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

ஆறு வாரம் முடிந்தது. கட்டு அறுக்கும் ரம்பத்தை வீட்டுக்கு எடுத்து வந்து கட்டைப் பிரித்தேன். எலும்பு அருமையாகக் கூடியிருந்தது. அம்மா கால் விரல்களை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ரவுண்டு ஓடிட்டு வரட்டுமாடா?" என்றாள்.

"இன்னும் ஒட்டலைம்மா" என்றேன்.

அது என் வாயிலிருந்து தானாக வந்தது. அதன் பிறகு செய்ததெல்லாம் யோசித்துச் செய்தவை. புதுக் கட்டுப் போட்டேன். சாட்சிக்கு ஓர் எக்ஸ்ரேயும் காட்டினேன். அது பிரேக் அண்ணன் முன்பு எப்போதோ எடுத்த முழங்கைப் படம். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"இது கணுக்கால் மாதிரியே இல்லையே?"

"பக்கவாட்டுல எடுத்ததும்மா."

"ஓ" என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் பொறுப்பில்லாதவன் அல்ல. ஒரு காலை மாதக்கணக்கில் கட்டிலேயே வைத்திருந்தால் தசை சூம்பிவிடும். தெரிந்தே அதை எப்படி அனுமதிப்பேன்? எனவே நாலு வாரம் ஆனதும் கட்டை வலது காலுக்கு மாற்றினேன். "அந்தக் காலோட பாரமெல்லாம் தாங்கித் தாங்கி இந்தக் கால் கீறல் விட்டிருக்கும்மா" என்றேன். மறு மாதம் மறுபடி இடது. இப்படி மாதத்துக்கு ஒரு கால். இரண்டு கால்களுக்கும் சமமான ஓய்வு, சமமான பயிற்சி. கட்டுக்குள் அரிப்பு வராமல் நல்ல பஞ்சு வைத்தேன். கோடைக்காலத்தில் மெலிசாகப் போட்டேன். இவ்வளவு கவனமாக யார் செய்வார்கள்?

பலன் கண்கூடாகத் தெரிந்தது. ஒருதடவைகூட அவள் விழவில்லை. முகத்தில் நல்ல நிறம் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவளுக்கு வெயில் பட்ட கறுப்பு எப்படி வந்தது என்று அப்போதே யோசித்திருக்கலாம். நான் மாத்திரையின் குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் எனக்கு நல்ல பெயர். தங்கள் பிள்ளைகளிடம், "அந்தத் தம்பியைப் பாரு, கால் ஒடிஞ்ச அம்மாவை எப்படித் தாங்குது" என்று பெண்கள் சொல்லிக் காட்டினார்கள். பயிற்சி மையத்தில், வேலையையும் வீட்டில் இருக்கும் நோயாளியையும் ஒருசேரச் சமாளிப்பது எப்படி என்று புதியவர்களுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். முதலில் பெற்றோரை ஓரிடத்தில் நிலைநிறுத்த வேண்டும் என்றேன். நிறையப் பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

அக்கா மகளின் கல்யாணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மறைத்தால் இந்த வாக்குமூலம் அரைகுறையாகிவிடும். அம்மாவை அழைத்துப்போய், கல்யாணம் முடிந்ததும் கொஞ்ச காலம் தன்னோடு வைத்துக்கொள்வதாக அக்கா போனில் சொன்னாள். "ஒரு கால்தானே, வீல் சேர்ல வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். எத்தனை தூரப் பயணம், எத்தனை படிக்கட்டு. அம்மாவின் நன்மையைத்தான் பார்த்தேன். மறுநாள் இரண்டு கால்களுக்கும் போட்டேன்.

மாவு இறுகுகிற வரை அம்மா இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பேத்தி கல்யாணத்துக்குள்ள ஒட்டிடுமாடா?" என்று கேட்டாள்.

"பாக்கலாம்மா" என்றேன்.

கல்யாணத்தைப் போனில்தான் பார்த்தாள். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை ஆடாமல் பிடித்தேன். அன்று இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள். பயணம் போயிருந்தால் உடம்பு என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்து நான் திருப்திப்பட்டேன்.

இனி போன மாதம் நடந்தது. பள்ளி மைதானத்தில் விளையாட்டு விழா, மயங்கி விழுந்த ஒருவர் என்று அழைப்பு. போனோம். கூட்டத்தை விலக்கினேன். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வயதான பெண்மணி, வாயில் விசில். குனிந்து நாடி பார்த்தேன். ரத்த அழுத்தம் பார்த்தேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் கால்களை. கல்யாணத்துக்குப் பிறகு மறுபடி மாதத்துக்கு ஒரு கால் என்று மாறியிருந்தேன்; அது வலது காலுக்கான மாதம். இரண்டு கால்களிலும் ஓட்டப்பந்தய ஷூ.

வண்டியில் ஏற்றி ட்ரிப்ஸ் போட்டதும் கண்ணைத் திறந்தாள்.

"கட்டு எங்கம்மா?" என்றேன்.

"அலமாரிக்குப் பின்னாடி இருக்கு. பத்திரமாத்தான் வெச்சிருக்கேன், பயப்படாதே."

ஒவ்வொரு கட்டையும் நான் போட்ட மறுநாளே எதிர்வீட்டுத் தச்சரை வைத்து நீளவாக்கில் அறுத்து, இரண்டு கீலும் ஒரு கொக்கியும் வைத்திருக்கிறாள். என் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் மாட்டிக்கொள்வாளாம். எட்டு நொடி ஆகுமாம், நேரம் பார்த்திருக்கிறாள். மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறாள். அன்று ஒருநாள்தான், இறுதிப் போட்டி மும்முரத்தில், மறந்துபோயிற்று.

"உனக்கு எப்போ தெரியும்?"

"நீ எக்ஸ்ரே காட்டினியே, அன்னிக்கே. முப்பத்தோரு வருஷமா பசங்க உடைச்சிக்கிட்டு வந்த எலும்பையெல்லாம் பாத்தவடா நான். முழங்கை எது, கணுக்கால் எதுன்னு தெரியாதா?"

முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பிரேக் அண்ணன், "யாரோட முழங்கை?" என்றார்.

"அப்ப ஏம்மா சொல்லலை?"

"அந்த ஆறு வாரமும் நீ சிரிச்ச முகமா வேலைக்குப் போனே. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

"கல்யாணம்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போயிருக்கலாம். கொக்கியைக் கழட்டிட்டு நடந்தே போயிருக்கலாம். போனா உங்கக்கா திருப்பி அனுப்ப மாட்டா. உன்னை அப்புறம் யாருடா பாத்துப்பாங்க?"

இரண்டு காலும் ஒடிந்ததாக நான் சுகாதார நிலையப் பதிவேட்டில் எழுதியிருந்த நோயாளியை ஷூவோடு இறக்கியதும் ஆஸ்பத்திரி டாக்டர் உங்களுக்கு எழுதினார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. ஆமாம் மேடம். பதினான்கு மாதம், ஒடியாத கால்களுக்கு, தெரிந்தே மாவுக்கட்டுப் போட்டவன் நான்தான். கல்யாணத்துக்குப் போகவிடாமல் செய்தவனும் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கு கிடையாது. எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் சொன்னது பொய் என்றாலும் அது சிகிச்சை. ஆனால் அவள் தினமும் சாயங்காலம் என் முகத்தைப் பார்த்து, "வலி கொஞ்சம் தேவலைடா" என்று சொல்லியிருக்கிறாள். நான் அதை அப்படியே நம்பி, உட்கார்ந்து, காலைப் பிடித்துவிட்டிருக்கிறேன். பெற்ற பிள்ளையை இத்தனை மாதம் ஏமாற்ற ஒரு தாய்க்கு எப்படி மனசு வந்தது என்று, முடிந்தால், அதையும் விசாரியுங்கள்.