புகை அலாரத்துக்கு மாட்டின சாக்ஸ்

இல்ல தம்பி, தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. அழிக்கச் சொல்லி வரல. அழிக்காதீங்கன்னு கேக்கத்தான் வந்திருக்கேன்.

என்ன அப்பிடிப் பாக்குறீங்க? தெரியும், இங்க வர்ற தாய் தகப்பன் எல்லாம் எம்பிள்ள பேருல இருக்கிற கறையத் தொடச்சு விடுங்கன்னுதான் நிப்பாங்க. நான் கறை அப்பிடியே இருக்கட்டும்னு நிக்கிறேன். மூளையெல்லாம் கலங்கல, நல்லாத்தான் இருக்கேன்.

எர்லண்ட் இஸ்பிஸ்டர். நான் அவன் அம்மா. செவ்வாக்கிழம போன் பண்ணேனே, நீங்கதான எடுத்தீங்க? படிச்சு முடிச்சு காலேஜ விட்டுப் போய் ஆறு வருசம் ஆயிட்டா ஒழுங்கு நடவடிக்கை ஃபைல அழிச்சிருவோம், அவன் கூடப் படிச்சவங்களது எல்லாம் இந்த வெள்ளிக்கிழம போகுதுன்னு சொன்னீங்களே. அதக் கேட்டதுல இருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எங்க தீவுல, லெர்விக் தொறமுகத்துல கப்பல் ஏறி, வழியெல்லாம் வாந்தி எடுத்து, எறங்கி நேரா உங்க மேசைக்குத்தான் வர்றேன். இன்னைக்கு வியாழன். நாளைக்குன்னா நாளைக்கேவா?

இந்த டப்பாவ எடுத்துக்கோங்க. ஓட்ஸ் ரொட்டி. லஞ்சம் இல்லப்பா, மத்தியானம் பசிக்கும்ல. சரி, வேணாம்னா விடுங்க. இங்கயே இருக்கட்டும்.

அவன் அப்பிடி என்ன பெருசாப் பண்ணிட்டான்? ஹாஸ்டல் சமையல்கட்டுல அயிலை பொரிச்சான். நான் பொரிக்கிற மாதிரியே, ஓட்ஸ்ல பொரட்டி, வெண்ணெயில. புகை கெளம்பிட்டா அலாரம் அடிக்கும், அத்தன பேரும் மழையில போய் நிக்கணும், எதுக்கு அந்தப் பொல்லாப்புன்னு அலாரத்துக்கு ஒரு சாக்ஸ மாட்டி விட்டுட்டான். நான் பின்னிக் குடுத்த கம்பளி சாக்ஸு! வார்டன் வந்து பாத்தா கூரையில இருந்து ஒத்தக் காலு தொங்குது.

சிரிங்க, சிரிங்க. அன்னைக்கு யாரும் சிரிக்கல. மூணு பேரு வரிசையா உக்காந்து விசாரிச்சாங்க. பையன் தொணைக்கு ஒருத்தரக் கூட்டிட்டு வரலாம், ஆனா வந்தவங்க வாயத் தொறக்கக் கூடாது. அதான உங்க சட்டம்? என்னையப் போய்க் கூட்டிட்டு வந்தான் பாருங்க. மீன் ஃபேக்டரி எரைச்சல்ல கத்திக் கத்தியே பழகினவ நான். மேசை நடுவுல ரெக்கார்டர வச்சாங்க. தலைவரா இருந்த அந்தம்மா, தீப்பிடிச்சு யாராவது செத்திருந்தா என்னப்பா பண்ணியிருப்பேன்னு கேட்டாங்க. அவன் தலையத் தொங்கப் போட்டுட்டான். எனக்குப் பொறுக்கல. மீனக் குடுத்து அனுப்பினதே நான்தான், என் பேர எழுதிக்கோங்கன்னு எழுந்து நின்னு கத்திட்டேன். அம்மா, பதிவாகுது, உக்காருங்கன்னு ஒரு அதட்டு.

அதேதான். அந்தப் பதிவுதான் எனக்கு வேணும். பேப்பர் கட்டு வேணாம், அபராதம் கட்டினது, எச்சரிக்கை குடுத்தது ஒண்ணும் வேணாம். அந்தப் பதிவு இருக்கான்னு மட்டும் பாருங்களேன். உங்க கம்ப்யூட்டர்லதான?

இருக்கா? ஐயோ, இருக்கா! இருங்க, ஒரு நிமிசம். இல்ல, தண்ணி வேணாம். நீங்க அந்தப் பக்கத்த மூடிராதீங்க.

அவனே கேக்கணுமா? அவன் கையெழுத்தா? அவன் போட மாட்டான் தம்பி. சண்டையெல்லாம் இல்ல, எங்களுக்குள்ள என்ன சண்டை. விதிய நீங்க சரியாத்தான் சொல்றீங்க. ஒருத்தன் சின்ன வயசுல பண்ணின கிறுக்குத்தனம் ஆயுசுக்கும் அவன் பின்னாடியே வரக் கூடாதுன்னு வச்ச விதி. நல்ல விதிதான். வரட்டும்னு நான் கேக்கிறேனே, என்ன செய்ய? கெஞ்சிக் கேக்கிறேன் தம்பி. கால்ல விழணும்னாலும் விழறேன்.

போட்டோ இருக்கு, நெறைய இருக்கு. எல்லாத்துலயும் வாய மூடிக்கிட்டுத்தான் நிக்கிறான். வீடியோ எடுத்தா மூஞ்சியத் திருப்பிக்குவான். முன்னெல்லாம் அவன் நம்பருக்கு அடிச்சா, எர்லண்ட் பேசுறேன், அப்புறம் கூப்புடுங்கன்னு அவன் பதிஞ்சு வச்ச கொரலு வரும். மீன் அறுத்துட்டு வந்து, கையக் கூடத் தொடைக்காம அடிச்சுக் கேப்பேன். கம்பெனிக்காரன் அந்த நம்பர வேற யாருக்கோ குடுத்துட்டான் போல. போன மாசம் அடிக்கிறேன், ஏதோ ஒரு பொண்ணு எடுத்து யாரு வேணும்ங்குது. யாரு வேணும்னு நான் அவகிட்ட என்னன்னு சொல்ல?

எங்க அண்ணன் படகுலதான் கடலுக்குப் போனான். நவம்பர் மாசம். படகு கெடச்சுது. அண்ணன் கெடச்சான். இவன் கெடைக்கல.

நீங்க எழுந்திருக்காதீங்க, உக்காருங்க. எனக்கு முழுசும் வேணாம் தம்பி. நான் கத்தினேன்னு சொன்னேன்ல, அந்தம்மா அதட்டினாங்கன்னு. அதுக்கு அடுத்தாப்ல வரும். மேசைக்கு அடியில என் கையப் புடிச்சுக்கிட்டு மெதுவாச் சொல்லுவான், சும்மா இரும்மா, நான் பாத்துக்கிறேன்னு. அந்த எடம் மட்டும் எனக்குக் குடுத்துருங்க. மிச்சத்த நாளைக்கு அழிச்சுக்கோங்க.