விரதப் பாலும் கேயோஸ் கோட்பாடும்

விரதக்காரர்களுக்குச் சமைப்பது எனக்குப் பிடிக்கும். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் சிலர் ஆண்டுதோறும் எங்கள் வீட்டு மாடியில் தங்குவார்கள். ஒருவேளைச் சைவச் சாப்பாடு, பால், தரையில் படுக்கை.

இன்ஸ்பெக்டர், நான் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் கற்பிக்கிறேன். ஒரே மாத்திரை ஒருவரைக் குணமாக்குகிறது, இன்னொருவரைச் சாய்க்கிறது. கேயோஸ் கோட்பாட்டில் இதற்கு விடை இருப்பதாக நம்புகிறேன். தொடக்கத்தில் கடுகளவு வேறுபாடு, முடிவில் மலையளவு. நிரூபிக்க, எல்லா விதத்திலும் ஒரே நிலையில் இருக்கும் மனிதர்கள் வேண்டும். அப்படி யார் கிடைப்பார்கள் என்று ஆய்வுக்குழு சிரித்தது. என் வீட்டு மாடியில் கிடைத்தார்கள். ஆய்வுக்கூட எலிகள்கூட இவ்வளவு கட்டுப்பாடாக இருப்பதில்லை.

இதயத் துடிப்பை என் கைப்பேசிக்கு அனுப்பும் கைக்கடிகாரம் அனைவருக்கும் வாங்கிக் கொடுத்தேன். பூசப் பரிசு என்று சந்தோஷப்பட்டார்கள். பூசத்தன்று காவடியோடு புறப்படுமுன் கொடுத்த பாலில் இதய மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். சிவநேசனுக்கு மட்டும் ஒரு சிட்டிகை கூடுதல். அவர் என் தங்கை குமுதாவின் கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். முதல் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்பது அவருடைய வேண்டுதல்.

“மச்சான், பால் கசக்குது லா.”

“விரத நாக்கு அப்படித்தான் மாப்பிள்ளை.”

“நீங்க காய்ச்சுனா வேற எப்படி இருக்கும்,” என்று சிரித்துவிட்டுக் குடித்தார்.

தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் சிவநேசன் ஆடினார், பிறகு விழுந்தார். அருள் வந்துவிட்டதென்று சுற்றிலும் வேல் முழக்கம். பால் குடித்த மற்றவர்கள் படியேறிப் போய்விட்டார்கள்.

குமுதா வயிற்றைப் பிடித்தபடி வந்தாள். “அண்ணே, மூச்சு சரியில்ல. ஆம்புலன்ஸ் கூப்பிடவா?”

“டாக்டர் பக்கத்துலயே இருக்காரு, பயப்படாதம்மா,” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

நான் முனைவர்; மருத்துவர் அல்ல. அதைத் திருத்த நேரமில்லை. என் கைப்பேசியில் அவருடைய துடிப்பு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. நான் கணித்த வடிவம் அப்படியே விரிந்தது. ஆம்புலன்ஸ் வந்தால் அது வெளித்தலையீடு ஆகிவிடும்.

“சாமி வந்திருக்கு. தொடாதே,” என்றேன்.

அவள் கைகூப்பி நின்றாள். கோடு நேரானதும் நான் எழுந்தேன்.

சிட்டிகை நான் போட்டதுதான். மறுக்கவில்லை. ஆனால் வெயில், கூட்டம், உருமிச் சத்தம், முதுகில் அலகு என்று எத்தனையோ காரணிகள். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக் கொலை என்று எழுதுவது அறிவியல் ஆகாது.

குமுதாவுக்கு அடுத்த மாதம் பிரசவம். அவளுக்கு இனி என்னைத் தவிர யாருமில்லை. என்னை ரொம்ப நாள் இங்கே வைத்திருக்காதீர்கள்.