மேற்குப் பக்கத்துக் கண்ணாடி

— புது வீட்டு பிளான்ல மறுபடியும் மேற்குலயே பெரிய கண்ணாடி ஜன்னலா? நேத்துதானே அக்கா வேணாம்னு முடிவு பண்ணினோம்!

— நேத்து நீ சொன்னே. நான் உம் கொட்டினேன்.

— சாயங்கால வெயில் நேரா உள்ள இறங்கும். ஏசி போட்டா கரண்டைக் குடிக்கும். போடலேன்னா நீ வெந்துபோவே.

— உன் மாமா அந்தக் கண்ணாடிதானேடா கேட்டார். ரிட்டயர் ஆனதும் அங்க உக்காந்து சூரியன் இறங்கறதைப் பாக்கணும்னு.

— மாமா கண்ணை மூடறதுக்கு முன்னாடி ஏசியே வேணாம்னும்தான் சொன்னார். சிமெண்டைக் குறை, சுடாத மண்கல்லு வச்சுக் கட்டுன்னார். மண்கல்லுச் சுவர்ல அத்தாம்பெரிய திறப்பு விட்டா மேல கான்கிரீட் பீம் ஓட்டணும். அப்புறம் சிமெண்ட் எங்க குறையும்? தம்பியா சொல்லல, எஞ்சினியரா சொல்றேன்.

— ரெண்டும் வேணும்பார் அவர்.

— சரி, கண்ணாடிக்கு வெளியே வரிசையா மரச்சட்டம் அடிக்கலாம். வெயில் மறையும். ஆனா ஒட்டினாப்ல இருக்கற சமையக்கட்டு இருட்டாயிடும். பகல்லயே லைட் போடணும்.

— சரி.

— எது சரி?

— நீ சொல்றது.

— சட்டம் அடிக்கட்டுமா, வேணாமா?

— அடி.

— இருட்டாயிடும்னு சொல்றேன்ல.

— அப்போ வேணாம்.

— அக்கா, சுவத்துக்கிட்டப் பேசற மாதிரி இருக்கு. ஒரு தடவையாவது என்னோட சண்டை போடேன். பஸ்ல ஜன்னலோர சீட்டுக்காக என் முடியைப் பிடிச்சு இழுத்தவதானே நீ!

— டீ ஆறுது பாரு.

— டீ கிடக்கட்டும். வெந்தாலும் நீதான், இருட்டுல முட்டிக்கிட்டாலும் நீதான். நான் இல்ல.

— நான் அங்க போகப்போறதில்லடா.

— என்னது?

— எனக்கு இந்த வாடகை வீடே போதும்.

— இதை எப்போ முடிவு பண்ணினே?

— அவர் போன மறுநாளே.

— அப்போ இத்தனை நாளா நான் எதுக்கு மண்டையை உடைச்சுக்கிட்டேன்? ஆளே இல்லாத வீட்டுக்கு என்ன வெளிச்சம், என்ன காத்து? சிமெண்டை மிச்சம் பண்ண இதைவிட வழியே இல்லக்கா, கட்டாம விட்டுடலாம். அஸ்திவாரம்கூட இன்னும் தோண்டல. இப்பவே போன் போட்டு வேலையை நிறுத்திடறேன்.

— நிறுத்தாதே.

— ஏன்க்கா?

— நீ ஒவ்வொண்ணாக் கேக்கறப்போ, இதுக்கு அவர் என்ன சொல்வார்னு யோசிக்கறேன். அந்தக் கொஞ்ச நேரம் அவர் குரல் கேக்குதுடா. மத்த நேரம் எதுவுமே கேக்கல.